சரி, நான் சொல்றபடியே செய்

செவ்வாய்க்கிழமை காலைல பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வாரம் முடியுறதுக்குள்ள எங்க வீட்டுல இருந்து ஒரு பொம்பளையைத் துரத்தியே தீரணும்.

அவசரப்பட்டு என் மனைவிக்குப் போன் போட்டுடாதீங்க. நான் சொல்றது அவளை இல்லை. அவளைத் துரத்தினா வீடும் கூடவே போயிடும், பத்திரம் அவ பேர்ல. நான் சொல்றது 'கடமை'யை.

கடமைங்கிறது ஒரு சாஃப்ட்வேர். வீட்டுல யாருக்கு என்ன வேலை, எந்த நேரம்னு பட்டியல் போட்டு வச்சுக்கிட்டு, நேரம் வந்ததும் கம்ப்யூட்டருக்குள்ள இருந்து ஒரு அம்மா கூப்பிடும். குரல் எப்படின்னா, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பும் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸும் கலந்த குரல். "அன்பான உறுப்பினரே. உங்கள் கடமை காத்திருக்கிறது. குளியலறை வடிகால். நன்றி." அந்த நன்றி இருக்கே, நாம வேலையை முடிச்சுட்ட மாதிரியே சொல்லும். இதை நான் மிமிக்ரி பண்ணிக் காட்டினா, வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க கிளட்சை விட்டுட்டுச் சிரிப்பாங்க.

ஆமா, நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எங்க வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். யார் ஓட்டினாலும் நிறுத்துறது நான்தான். வீட்டுல அந்த ரெண்டாவது பிரேக் என் மனைவி காலுக்குக் கீழ இருக்கு. அவ மருந்துக்கடையில ஸ்டாக் பாக்குறா. ஆயிரம் மாத்திரை அட்டையில காலாவதியான ஒண்ணை ஒரே பார்வையில கண்டுபிடிச்சுத் தனியா எடுத்து வைக்கிறவ. சில நாள் காலைல என்னையும் அப்படித்தான் பாக்குறா.

கடமைக்குள்ள எங்க குடும்பம் மொத்தம் ரெண்டே பேர். பொண்ணு ஹாஸ்டல்ல படிக்கிறா, தப்பிச்சுட்டா. மிச்சம் இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் தலைவி, ஒருத்தர் உறுப்பினர். தலைவி வேலை போடலாம், மாத்தலாம், எடுக்கலாம். உறுப்பினர் டிக் அடிக்கலாம். அவருக்கு உண்டான ஜனநாயகம் அவ்வளவுதான். ஒரு தடவை வேலையைச் செய்யாமலே டிக் அடிச்சுப் பாத்தேன். "மகிழ்ச்சி. புகைப்படம் இணைக்கவும்"னு கேட்டுச்சு.

இதையெல்லாம் ஒன்றரை வருஷமா பொறுத்துக்கிட்டேன். ஆனா செவ்வாய்க்கிழமை திரையில வந்த ஒரு வரியைப் பொறுக்க முடியலை. சனிக்கிழமை, மாலை நாலு மணி: பரண் சுத்தம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க அடுக்குமாடி கேரம் போட்டியோட ஃபைனல். ரெட்டையர் ஆட்டம். நானும் மூணாவது மாடி லிஃப்ட் மெக்கானிக்கும் ஜோடி. பத்து வருஷத்துல முதல் தடவையா ஃபைனல் வரைக்கும் வந்திருக்கோம். இதுக்கு முன்னாடி எல்லாம் முதல் சுத்துலயே வெளிய வந்து, ஜெயிச்சவங்களுக்குப் பலகையில பவுடர் போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்தவங்க நாங்க.

பொண்டாட்டிகிட்ட நேரா கேக்கலாமேன்னு நீங்க சொன்னா, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு எடுத்துக்குறேன். ஆனாலும் கேட்டேன், சுத்தி வளைச்சு. பரண் அப்படி ஒண்ணும் அழுக்கா இல்லையேன்னேன். நீங்க எப்போ ஏறிப் பாத்தீங்கன்னு அவ திருப்பிக் கேட்டா. பேச்சு அதோட முடிஞ்சுது.

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. இந்த ஒன்றரை வருஷமா அவ எதையுமே ஞாபகம் வச்சுக்கிறதில்லை. எது கேட்டாலும் "கடமையில போட்டாச்சு"ன்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கா. அப்போ கடமையே இல்லாம போனா? மணி அடிக்காது. அடிக்கலைன்னா ஞாபகம் வராது. ஞாபகம் வரலைன்னா பரண் அது பாட்டுக்குத் தூசியோட இருக்கும், நான் பாட்டுக்கு ஃபைனல்ல இருப்பேன்.

திட்டம் சின்னது. பிரச்சினை என்னன்னா, எங்க வீட்டுல மூணு கம்ப்யூட்டர், மூணும் மூணு ரகம். மூணுலயும் கடமை குடியிருக்கு. என்கிட்ட இருக்கிற லேப்டாப் ஜன்னல் ரகம். ஆபீஸ், பேங்க், பெட்ரோல் பங்க்னு எங்க திரும்பினாலும் இருக்குமே, அது. மனைவிகிட்ட இருக்கிறது கடிச்ச பழம் போட்ட ரகம். ஹால்ல பெரிய திரையும் ஸ்பீக்கருமா உக்காந்திருக்கிறது பென்குயின் ரகம். அது என் மச்சினன், அதாவது அவ தம்பி, கொண்டாந்து வச்சது. என் போன் மட்டும் பழைய பட்டன் போன். கடமை நுழைய முடியாத ஒரே இடம் அதுதான். அதனாலதான் அதை மாத்தாம வச்சிருக்கேன், கஞ்சத்தனம்னு ஊர் நினைச்சுக்கட்டும்.

முதல்ல என்னோட ஜன்னல். திரையில கடமையோட படம் இருந்துச்சு. அதைப் பிடிச்சு அழிச்சேன். போயிடுச்சு. இவ்வளவுதானான்னு கையைத் தட்டிக்கிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பத்து நிமிஷத்துல பைக்குள்ள இருந்து சத்தம். "அன்பான உறுப்பினரே." பஸ் ஸ்டாப்ல நின்ன அத்தனை பேரும் என் பையைப் பாத்தாங்க. நான் வேற ஒருத்தர் பையைப் பாத்தேன்.

லிஃப்ட்காரர்கிட்ட போய்ச் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும். கொஞ்சம்னா, எனக்குத் தெரிஞ்சதை விட ஒரு பிடி அதிகம். அவர் சொன்னார், நான் கழட்டினது வாசல்ல தொங்குற பேர்ப் பலகையாம். ஆள் உள்ளதான் இருக்காளாம். ஜன்னல்ல ஒருத்தரை வெளிய அனுப்பணும்னா முறைப்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் அனுப்பணுமாம்.

கொடுத்தேன். உடனே ஒரு அழுத முகம் வந்துச்சு. "எங்களை விட்டுப் பிரிகிறீர்களா?" ஆமான்னேன். "நாங்கள் என்ன தவறு செய்தோம்?"னு அஞ்சு காரணம் போட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுச்சு. அதுல 'பரண்' இல்லை. 'மற்றவை'யை அமுக்கினேன். "உறுதியாகவா?" உறுதியா. "ஒரு மாதம் இலவசமாகத் தருகிறோம், யோசியுங்களேன்." யோசிச்சுட்டேன். நான் என் மனைவியைப் பொண்ணு பாக்கப் போனப்போ கூட இவ்வளவு தடவை கேக்கலை.

கடைசியில, கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்திப் போட்டாத்தான் நான் முழுசா போவேன்னுச்சு. நிறுத்தினேன். போட்டேன். அவ்வளவு நேரம் வாலைச் சுருட்டிக்கிட்டு இருந்த அப்டேட்டுங்க எல்லாம் இதான் சமயம்னு வரிசை கட்டி வந்துச்சு. "பன்னிரண்டு சதவீதம். அணைக்க வேண்டாம்." வண்டியில ஒரு அம்மா சீட் பெல்ட் போட்டுக்கிட்டு முக்கா மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்க. முப்பத்தஞ்சு சதவீதத்துல அவங்களே இறங்கி, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க.

சாயங்காலம் பாத்தா கடமை போயிடுச்சு. ஆனா அது வந்தப்போ கூடவே கூட்டிக்கிட்டு வந்ததுங்க போகலை. வானிலை சொல்ற ஒண்ணு, தினம் ஒரு பூப் படம் மாத்துற ஒண்ணு, 'கடமை நினைவூட்டி'ன்னு தனியா ஒண்ணு. வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க, அவங்க சித்தப்பா மட்டும் நடு வீட்டுல பாய் போட்டுப் படுத்திருக்கார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நோட்டீஸ். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அழுத முகம். புதன்கிழமை சாயங்காலம்தான் எனக்கு வீடு காலியாச்சு. அப்பவும் ஒரு காலி ஃபோல்டர் நகர மாட்டேன்னுச்சு. யாரோ அதைப் பயன்படுத்திக்கிட்டு இருக்காங்களாம். யாருன்னு சொல்ல மாட்டேங்குது.

வியாழக்கிழமை காலைல மனைவி குளிக்கப் போனா. அவளோட பழம் சாப்பாட்டு மேசை மேல திறந்தபடி இருந்துச்சு. எனக்கு எட்டு நிமிஷம். கீழ வரிசையா இருந்த படத்துல கடமையைப் பிடிச்சு மேல இழுத்து விட்டேன். டப்புன்னு சின்ன சோப்பு நுரை மாதிரி மறைஞ்சுது. நான்தான் பேர்ப் பலகைப் பாடம் படிச்சவன் ஆச்சே, ஏமாறலை. உள்ள போய், ப்ரோகிராம் எல்லாம் அடுக்கி வச்சிருக்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சேன். அங்கதான் இருந்தா மகராசி. இழுத்துக் குப்பைத் தொட்டியில போட்டேன். திறந்து வச்சிருக்கிறதைப் போட முடியாதுன்னுச்சு. மூடிட்டுப் போட்டேன். விழுந்துடுச்சு.

அவ்வளவுதாங்க. அழுகை இல்லை, கேள்வி இல்லை, சித்தப்பா இல்லை. பணக்கார வீட்டுல வேலைக்காரரை நிறுத்துற மாதிரி, முகத்துல ஒரு சலனமும் இல்லாம அனுப்பி வச்சுடுச்சு. எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சாயங்காலம் மனைவி கடையில இருந்து வந்து, காபியை எடுத்துக்கிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்தா. நான் பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டேன்.

"ஏங்க, கடமை குப்பைத் தொட்டியில கிடந்துச்சு."

"அப்படியா?"

"தவறி விழுந்திருக்கும் போல. எடுத்து உள்ள வச்சுட்டேன்."

கட்டிலுக்கடியில கிடந்த என் சாக்ஸைச் சொல்ற மாதிரி அவ்வளவு சாதாரணமா சொன்னா. குப்பையைக் கொட்டாம விட்டா அது குப்பையே இல்லைன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. எடுத்து வச்சதும் கடமைக்குப் பழசு எல்லாமே ஞாபகம் இருந்துச்சு. அதோட துணிமணியும் டைரியும் வேற ஏதோ அறையில இருந்திருக்கு, நான் அந்த அறைப் பக்கமே போகலை.

இது போதாதுன்னு, உங்க கம்ப்யூட்டர்லயும் இல்லை போல, 'உறுப்பினர் தொடர்பில் இல்லை'ன்னு காட்டுதுன்னு சொல்லி, என் ஜன்னலை மடியில வாங்கி வச்சுக்கிட்டா. 'அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது'ன்னு நாலே தட்டு. நான் ரெண்டு நாளா கெஞ்சி அனுப்பினவ ரெண்டு நிமிஷத்துல திரும்ப வந்து உக்காந்துட்டா. வானிலை, பூப் படம், சித்தப்பா சகிதமா.

வெள்ளிக்கிழமை. ஃபைனலுக்கு ஒரே ஒரு நாள். லிஃப்ட்டுக்குள்ளயே அவசரக் கூட்டம் போட்டோம். லிஃப்ட்காரர் தாடையைச் சொறிஞ்சுக்கிட்டுச் சொன்னார், நாம மாடி மாடியா பட்டனை நோண்டிக்கிட்டு இருக்கோமாம். எந்தக் கட்டடம் ஆனாலும் ஒரு மெயின் பேனல் இருக்குமாம். அதுல கை வச்சா எல்லா மாடியும் அடங்குமாம். உங்க வீட்டுல எந்த மிஷின் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்குன்னு கேட்டார்.

ஹால்ல இருக்கிற பென்குயின்னேன்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். சந்திரனுக்கு ராக்கெட் விடுறவங்க அப்படித்தான் பாத்துக்குவாங்க.

மத்தியானம் மனைவி கடையில. நான் ரெண்டு கிளாஸை ரத்து பண்ணிட்டு வந்தேன். லிஃப்ட்காரர் ஒரு லிஃப்ட்டை ரத்து பண்ணிட்டு வந்தார். பென்குயினோட திரைக்குக் கீழ மச்சினன் ஒரு சீட்டு ஒட்டி வச்சிருந்தான். போடணும்னா இந்த வரி, எடுக்கணும்னா இந்த வரி, வாரம் ஒரு தடவை புதுப்பிக்க இந்த வரின்னு. பென்குயின் ரகத்துல நீங்க கடை கடையா அலைய வேண்டாம். உள்ள ஒரு ஸ்டோர் கீப்பர் இருக்கார். ஒண்ணைக் கேட்டா, அது வேலை செய்ய வேண்டிய பத்தையும் சேத்துத் தூக்கிக்கிட்டு வந்துடுவார். ஒண்ணை எடுன்னா, அதை நம்பி இருக்கிற எல்லாத்தையும் கூடவே எடுத்துடுவார். நாணயமானவர். கேள்விதான் கேக்க மாட்டார். அதாவது, பெரும்பாலும்.

கடமையை எடுன்னு அடிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் போகும், சரியான்னு மரியாதையா கேட்டுச்சு. நான் சரின்னு தட்டப் போனேன். லிஃப்ட்காரர் கையைப் பிடிச்சார்.

"மாஸ்டர், இதை எடுத்தா நேத்து மாதிரி திரும்பப் போட்டுருவாங்க. இது எதுமேல நிக்குதுன்னு பாருங்க. அதை உருவிடுவோம். அப்புறம் அவங்களே போட்டாலும் நிக்காது."

இப்ப யோசிச்சா, ஹாரனை நிறுத்த சேஸிஸைக் கழட்டுன்னு ஒருத்தன் சொன்னா நான் அவனை வண்டியில இருந்து இறக்கி விட்டிருப்பேன். அப்போ எனக்கு அது ஞானம் மாதிரி இருந்துச்சு. தோண்டிக்கிட்டே போனோம். கடமை ஒண்ணு மேல நின்னுச்சு, அது இன்னொண்ணு மேல நின்னுச்சு, அது மூணாவது ஒண்ணு மேல. எல்லாத்துக்கும் அடியில, வாயில நுழையாத பேரோட ஒரு பொடிசு. அளவைப் பாத்தா எங்க கல்யாண போட்டோவை விடச் சின்னது. இத்துனூண்டு. இதைப் போய் யார் தேடப் போறாங்க?

எடுன்னு அடிச்சேன்.

திரை ஓட ஆரம்பிச்சுது. இதெல்லாமும் கூடப் போகும்னு ஒரு பட்டியல். கல்யாணச் சாமான் பட்டியல் மாதிரி கீழ கீழ போய்க்கிட்டே இருந்துச்சு. ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் பேரு. நான் எந்த நிபந்தனையைத்தான் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன், இதைப் படிக்க? அடியில வந்ததுதான் முக்கியம். நீங்க ரொம்ப ஆபத்தான காரியம் பண்றீங்க, தெரிஞ்சுதான் பண்றீங்கன்னா கீழ இருக்கிற வாக்கியத்தை அப்படியே டைப் அடிங்கன்னு போட்டிருந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. லிஃப்ட்காரர் அர்த்தம் சொன்னார்.

'சரி, நான் சொல்றபடியே செய்.'

நான் நாற்காலியில சாய்ஞ்சு உக்காந்துட்டேன். பத்தொன்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில இந்த வாக்கியத்தை யாரும் என்கிட்ட இருந்து கேட்டதே இல்லைங்க. நானும் யார்கிட்டயும் சொல்லிப் பாத்ததில்லை. ஒரு மிஷின், எந்தப் பழக்கமும் இல்லாத ஒரு மிஷின், அடக்கமா காத்திருந்து, ஐயா வாயால ஒரு தடவை சொல்லுங்கன்னு கேக்குது. எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு வந்தேன். சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டேன். முதல் தடவை உணர்ச்சிவசப்பட்டதுல எழுத்து தப்பாயிடுச்சு. ரெண்டாவது தடவையும். மூணாவது தடவை ஒவ்வொரு எழுத்தா, சத்தமா சொல்லிக்கிட்டே அடிச்சேன்.

செஞ்சுது.

சொன்னபடியே செஞ்சுது. முதல்ல கடிகாரம் போச்சு. அப்புறம் கீழ இருந்த வரிசை போச்சு. அப்புறம் பின்னாடி இருந்த மலைப் படம். அப்புறம் திரையே கறுப்பாகி, இடது மூலையில வெள்ளையா ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நின்னுச்சு. கடமை போயிடுச்சு. அது உக்காந்திருந்த நாற்காலி, தரை, சுவர், கூரை எல்லாம் கூடவே போயிடுச்சு. எதைத் தட்டினாலும் அந்தக் கோடு என்னையே பாத்து சிமிட்டுது. நான் லிஃப்ட்காரரைப் பாத்தேன். லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டு இருப்பாங்கன்னு சொல்லிட்டு அவர் படியில இறங்கி ஓடினார்.

ஆறு மணிக்கு மனைவி வந்தா. பையைக் கூட இறக்கலை.

"என்ன இது?"

"கரண்ட் ஏறி இறங்குச்சு போல."

"ஃபேன் ஓடுதே."

"ஃபேனுக்கு வேற லைன்."

"லிஃப்ட்காரர் வந்திருந்தாரா?"

"இல்லையே."

"ரெண்டு காபி டம்ளர் இருக்கு."

"எனக்கு இன்னைக்குத் தாகம் ஜாஸ்தி."

அவ ரெண்டு டம்ளரையும் தானே கழுவி வச்சுட்டு, தம்பிக்குப் போன் போட்டா. அவன் சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றேன்னுட்டான். பரணைப் பத்தி அவ வாயே திறக்கலை. மறந்துட்டா, ஆபரேஷன் வெற்றி, நோயாளிதான் போயிட்டார்னு நான் என்னையே தேத்திக்கிட்டேன்.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். அந்த வெள்ளைக் கோட்டுல ரெண்டு வார்த்தை தட்டினான், உடனே பதில் வந்துச்சு. பென்குயின் ரகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, என்ன பதில் சொன்னாங்கன்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுக்கும். அவன் அந்த நோட்டைத் திறந்து, நேத்து மத்தியானம் நடந்ததை வரி வரியா சத்தமா படிச்சான். எழுத்துப் பிழையோட அடிச்ச ரெண்டையும் விடலை. மனைவி கதவுல சாய்ஞ்சு நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா.

"'நான் சொல்றபடியே செய்'யா? இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"மிஷின்கிட்ட."

"அது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பாத்துக்கோ தம்பி. உங்க மாமா பேச்சைக் கேட்டதோட கதியை."

மச்சினன் சிரிக்காம இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான். மெயின் பேனல் விஷயத்தையும் அவன்கிட்டதான் தெரிஞ்சுக்கிட்டேன். கடமையோட பட்டியல் நம்ம வீட்டுலயே இல்லையாம். எங்கயோ தூரத்துல, பெரிய கம்ப்யூட்டர்ல இருக்காம். நம்ம வீட்டுல இருக்கிறது மூணு வாசல்தானாம். "மாமா, வாசலை மூடினா அந்த ஊர் எப்படி மாமா அழியும்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. நேத்து கேட்டிருக்கணும்.

பென்டிரைவைச் சொருகி, பென்குயினை அடியில இருந்து புதுசா கட்ட ஆரம்பிச்சான். மனைவி, வேலையாகுற வரைக்கும் நான் ஒரு ஸ்டாக் மெயில் பாத்துட்டு வர்றேன்னு லேப்டாப்போட உள்ள போனா. நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு மணி ஆகப் போகுது, இன்னும் அவ பரண்னு சொல்லலை. திரை உயிரோட வந்துச்சு. மச்சினன் முதல் வேலையா கடமையைப் போட்டான். தூரத்து ஊர்ல இருந்து பழைய பட்டியல் எல்லாம் கொட கொடன்னு வந்து இறங்குச்சு.

சனிக்கிழமை, மாலை நாலு மணி: பரண் சுத்தம். ஆனா அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. பொறுப்பு: தம்பி. குறிப்பு: அவர் ஃபைனலுக்குப் போகட்டும். பத்து வருஷ ஆசை, பாவம்.

நான் அதை ரெண்டு தடவை படிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு மூணாவது தடவை படிச்சேன். நான் மேல் வரியை மட்டும் பாத்துட்டு, இந்த உத்தமிக்குத் தெரியாம இவ்வளவு அட்டூழியம் பண்ணியிருக்கேன். அவ எனக்காகத் தம்பியைக் கூப்பிட்டுப் பரண் ஏத்த ஏற்பாடு பண்ணியிருக்கா. உண்மையாடான்னு மச்சினனைக் கேட்டேன். ஆமா மாமா, அக்கா சொல்லியிருந்துச்சுன்னான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காம. அவன் பாவம், இன்னும் ஒரு மணி நேரமாவது மிஷினை விட்டு எழ முடியாது. அவனை அங்க கட்டிப் போட்டதும் நான்தான்.

மனைவி வெளிய வந்தா. கிளம்புங்க, மணி ஆச்சுன்னா. நான் கிளம்பலை. துண்டை எடுத்துத் தலையில கட்டினேன்.

"நான் பரண் ஏறுறேன்."

"வேண்டாங்க. பத்து வருஷ ஆசை."

"என்னால உன் வேலை நிக்கக் கூடாது. பேசாத."

பேசாதன்னு நான் சொல்லி அவ பேசாம இருந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. அப்பவாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

அதுக்குள்ள லிஃப்ட்காரர் பவுடர் டப்பாவோட வாசல்ல வந்து நின்னுட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் விழுந்துடுச்சு. ஜோடி இல்லாம எப்படி மாஸ்டர்னு இழுத்தார். அப்புறம் அவரே ஞாபகம் வந்து, ஒருத்தர் வர முடியலைன்னா அதே வீட்டு ஆள் இறங்கலாம்னு விதி இருக்கேன்னார். எல்லாரும் என் மனைவியைப் பாத்தோம். எனக்கு எங்க இதெல்லாம் தெரியும்னா. ஹாஸ்டல்ல படிக்கும்போது ஏதோ கொஞ்சம் ஆடினதுன்னா. சொல்லிக்கிட்டே கைப்பையைத் திறந்து, உள்ள இருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்து, புடவை முந்தானையில துடைச்சா.

நான் பரண் ஏறினேன். எங்க பரண்ல என்ன இல்லைன்னு கேளுங்க. பொண்ணோட மூணு சக்கர சைக்கிள், ஓடாத மிக்ஸி, கைப்பிடி இல்லாத குடை, எங்க கல்யாணத்துக்கு வந்த பதினோரு சுவர்க் கடிகாரம். பதினொண்ணும் பதினோரு நேரத்துல நின்னிருந்துச்சு. தும்மித் தும்மித் துடைச்சேன். குற்ற உணர்ச்சியில துடைச்சா எப்படிப் பளபளன்னு வருதுங்கிறீங்க. கீழ மண்டபத்துல இருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கைதட்டல் கேட்டுச்சு. யாருக்குன்னு தெரியலை, ஆனாலும் நானும் மேல இருந்து தட்டினேன். தூசிதான் பறந்துச்சு.

அஞ்சேகாலுக்கு இறங்கினேன். முகம் கழுவறதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை பாக்கணும்னு ஆசை. பத்தொன்பது வருஷத்துல அவ எனக்கு எழுதின ஒரே கடிதம்னு வச்சுக்கோங்களேன். மச்சினன் எழுந்து இடம் விட்டான். வரி மேல விரலை வச்சுத் தடவினேன். பக்கத்துல 'விவரம்'னு ஒரு சின்ன பட்டன் இருந்துச்சு. இன்னும் ஏதாவது அன்பா எழுதியிருப்பாளோன்னு தட்டினேன்.

முதலில் பதிந்தது: தலைவி, ஞாயிறு. பொறுப்பு: உறுப்பினர். குறிப்பு: ஏதுமில்லை.

கடைசியாக மாற்றியது: தலைவி, இன்று, மாலை 3.40.

நான் மெதுவா திரும்பி மச்சினனைப் பாத்தேன். அவன் பென்டிரைவைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டு, வாரம் தவறாம அப்டேட் பண்ணிடுங்க மாமான்னு சொல்லிட்டுச் செருப்பைத் தேடினான்.

அவன் வாசல் தாண்டுறதுக்கும் மனைவி உள்ள வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. கையில கோப்பை. பின்னாடி லிஃப்ட்காரர், தோள்ல பவுடரும் முகத்துல பல்லுமா. உங்க வீட்டுல இப்படி ஒரு கையை ஒளிச்சு வச்சுட்டு இத்தனை வருஷம் என்னைப் பவுடர் போட வச்சீங்களே மாஸ்டர்னார். கோப்பையை டிவி பக்கத்துல வச்சுட்டு, அவ நிமிர்ந்து பரணைப் பாத்தா. அப்புறம் திரையைப் பாத்தா. 'விவரம்' இன்னும் திறந்துதான் இருந்துச்சு. நான் மூணு நாப்பதுக்கு நேரா விரலை வச்சுக்கிட்டு நின்னேன். கேக்க வேண்டிய கேள்வியை மனசுக்குள்ள வரிசைப்படுத்தினேன்.

"அடுத்த வருஷப் போட்டிக்கும் இப்பவே ஜோடி எழுதிட்டாங்க"ன்னா.

"எந்த ஜோடி?"

"நானும் லிஃப்ட்காரரும். உங்களுக்குத்தான் பரண் நல்லா கைவருதே."